காட்சிக் குழுவில் யாரைச் சேர்ப்பது?

லினக்ஸ் இயங்குதளத்தை ஆயத்தப் பொதியாகப் பெற்றுப் பதிந்துகொள்ளாமல், மூல நிரல்களிலிருந்து ஒவ்வொரு பகுதியாகத் தாமே தொகுத்துக் கட்டியெழுப்பும் இளைஞர்கள் எமது மாம்புரியிலும் இருக்கிறார்கள் என்றால் வெளியூர் வாசகர்கள் சிலர் வியப்படையக்கூடும். கற்பிட்டிக் குடாநாடு என்றதும் மீன்பிடி, தென்னந்தோப்பு, மணற்பாங்கான காய்கறித் தோட்டங்கள், 2010ஆம் ஆண்டு முதல் இங்கு சுழலும் காற்றாலைகள், நுரைச்சோலை அனல்மின் நிலையம் ஆகியவையே நினைவுக்கு வருவது வழக்கம். கணினியின் உள்ளுறுப்புகளைத் தேடிப் பார்க்கும் பிள்ளைகளும் இந்தக் கரையில் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அத்தகைய ஓர் இளைஞரின் கணினியை முன்வைத்து, தொழில்நுட்பச் சங்கதி போலத் தோன்றினாலும் உண்மையில் ஒரு வீட்டின் பாதுகாப்புடன் தொடர்புடைய விடயமொன்றை இங்கு பேச விரும்புகிறேன். நாமே கட்டிய ஓர் இயங்குதளத்தில், கணினியின் கிராபிக்ஸ் வன்பொருளைத் தொடும் அனுமதியை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், எவ்வாறு கொடுக்க வேண்டும் என்பதே அது.

விடயம் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். லினக்ஸின் கருனியைப் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டார். 1999இல் ஜெரார்ட் பீக்மன்ஸ் என்பவர், அந்தக் கருனியைச் சுற்றி ஒரு முழு இயங்குதளத்தை ஆரம்பத்திலிருந்து கட்டுவது எப்படி என்று கற்பிக்கும் ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ என்ற வழிகாட்டி நூலைத் தொடங்கினார். அது மென்பொருள் அல்ல, நூல். படிப்பவர் அதிலுள்ள படிகளை ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும்போது அவரது கணினியில் ஓர் இயங்குதளம் உருவாகியிருக்கும். உபுண்டு, பெடோரா போன்ற ஆயத்தப் பொதிகளிலோ, சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளத்திலோ, யாருக்கு எந்த அனுமதி என்பதை வேறு யாரோ நமக்காக முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் ‘பாஸ்’ இயங்குதளத்தையும் சேர்த்துப் பெற்ற மாணவர்களுக்கு, அத்தகைய தீர்மானம் ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தாமே கட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. தீர்மானம் அவருடையது. அதன் விளைவும் அவருடையதே.

அத்தீர்மானம் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பல நாட்கள் செலவிட்டுக் கருனியைத் தொகுத்து, திரைச் சேவையகத்தைத் தொகுத்து, மேசா என்னும் வரைகலை நூலகத்தையும் தொகுத்து முடித்தபின், சாதாரணப் பயனராக உள்நுழைந்தால் சில அமைப்புகளில் திரையே திறப்பதில்லை. வேறு சிலவற்றில் திரை திறக்கும். ஆனால் ஒரு சாளரத்தை நகர்த்தினாலே கணினி திணறும், காற்றாடி இரையும். காரணத்தைத் தேடிப் பார்த்தால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி பதிவுக் கோப்பில் கிடக்கும். கிராபிக்ஸ் அட்டையைத் தொட அனுமதி இல்லாததால், அது செய்ய வேண்டிய வரைதல் வேலை முழுவதையும் எல்எல்விஎம்பைப் என்னும் மென்பொருள் வழியாக மையச் செயலி தன் தலையில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறது. பணம் கொடுத்து வாங்கிய அட்டை பக்கத்திலேயே சும்மா இருக்கிறது.

இது கோளாறு அல்ல, வடிவமைப்பு. யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் வன்பொருள் ஒவ்வொன்றும் ஒரு கோப்பாகவே காட்சியளிக்கும். கிராபிக்ஸ் அட்டைக்கும் ‘டெவ்’ என்ற கோப்புறைக்குள் ஒரு கோப்பு உண்டு. எந்தக் கோப்புக்கும் மூன்று தரப்பினர் இருக்கிறார்கள்: உரிமையாளர், குழு, ஏனையோர். பத்திரிகை அலுவலகத்தில் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு செய்தியை எழுதியவர் ஒரு தரப்பு, ஆசிரிய பீடத்தில் அதைத் திருத்த உரிமையுள்ளவர்கள் இன்னொரு தரப்பு, கடையில் பத்திரிகை வாங்கும் பொதுமக்கள் மூன்றாவது தரப்பு. படிக்கும் அனுமதிக்கு 4, எழுதும் அனுமதிக்கு 2, இயக்கும் அனுமதிக்கு 1 என்று இலக்கமிட்டு, தரப்புக்கு ஒன்றாக மூன்று இலக்கங்களில் அனுமதியைக் குறிப்பார்கள். கிராபிக்ஸ் கோப்புக்கு வழமையாக இடப்படுவது 660. அதாவது நிர்வாகிக்கும் குழுவுக்கும் படிக்கவும் எழுதவும் அனுமதி உண்டு, ஏனையோருக்கு எதுவுமில்லை. அந்தக் குழுவின் பெயர் ‘வீடியோ’. நாம் அதைக் காட்சிக் குழு என்று அழைப்போம்.

அனுமதி மறுக்கப்பட்டவர் முன்னால் மூன்று குறுக்கு வழிகள் இருக்கின்றன. மூன்றையும் பலர் கையாள்கிறார்கள்.

முதலாவது, எல்லாவற்றையும் நிர்வாகியாகவே இருந்து செய்வது. சகல அதிகாரமும் கொண்ட கணக்கில் அமர்ந்து இணையத்தில் உலாவுவதும் படம் பார்ப்பதும் எத்தகைய அறிவீனம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் திரைச் சேவையகம் என்ற பெரிய மென்பொருளே நீண்ட காலம் நிர்வாகி அதிகாரத்துடன்தான் இயங்கிவந்தது. 2014இல் வெளிவந்த எக்ஸ்ஓர்க் 1.16 பதிப்புக்குப் பிறகே அதைச் சாதாரணப் பயனராக இயக்கும் வழி பரவலாயிற்று என்பதை இங்கு குறிப்பிட்டாக வேண்டும்.

இரண்டாவது, 660 என்பதை 666 ஆக்கிவிடுவது. ஏனையோருக்கும் கதவைத் திறந்துவிடுவது என்பதே இதன் பொருள். 2000களின் வழிகாட்டிக் குறிப்புகள் பலவற்றில் இந்த ஆலோசனை கூச்சமின்றி வழங்கப்பட்டிருந்தது. இன்றும் பழைய குறிப்புகளைப் பிரதி செய்கிறவர்கள் இதையும் சேர்த்தே பிரதி செய்கிறார்கள். இதில் என்ன கெடுதி என்று கேட்கலாம். திரையில் வரையப்படும் படங்கள் கிராபிக்ஸ் நினைவகத்தில் துண்டு துண்டாக வைக்கப்படுகின்றன. பழைய முறையில், ஒரு நிரல் தன் துண்டை இன்னொரு நிரலுடன் பகிர வேண்டுமானால் அதற்கு ஓர் எண் வழங்கப்பட்டது. அந்த எண்ணைச் சொல்பவருக்குத் துண்டு கிடைக்கும். எண்களோ ஊகிக்கக்கூடியவை. ஆகவே சாதனத்துக்குள் நுழைந்து ஏற்கப்பட்டுவிட்ட ஒரு நிரல், ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிப் பார்த்தே பக்கத்துச் சாளரத்தில் உள்ளதைப் படித்துவிட வழி இருந்தது. வங்கிக் கணக்கும் கடிதமும் திறந்திருக்கும் சாளரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2013இல் அறிமுகமான புதிய முறையில் எண்ணுக்குப் பதிலாக, கொடுப்பவர் பெறுபவரின் கையில் நேரடியாக ஒப்படைக்கும் ஏற்பாடு வந்தது. இருப்பினும் கதவை அகலத் திறந்து வைப்பதற்கு அது நியாயமாகிவிடாது.

மூன்றாவது வழியே வழிகாட்டி நூல்கள் சொல்வது: திரையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரையும் காட்சிக் குழுவில் சேர்த்துவிடுவது. ஒரு வரிக் கட்டளைதான். முதல் இரண்டு வழிகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். இதையே முடிந்த முடிவாகக் கொள்வதில்தான் எனக்கு மாறுபட்ட அபிப்பிராயம் உண்டு.

நான் குறிப்பிட்ட இளைஞர் என்னை மாமா என்று அழைக்கும் உறவுக்காரப் பிள்ளை. 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் இந்த முயற்சியை முதன்முறை தொடங்கினார். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை சென்ற நாட்கள் அவை. 900 மெகாவாட் கொள்ளளவுடைய நாட்டின் பெரிய அனல்மின் நிலையத்தைத் தன்னகத்தே கொண்ட குடாநாட்டில் இருந்துகொண்டு, தொகுப்பு வேலை நடுவழியில் அறுந்துபோவதைத் திரும்பத் திரும்பப் பார்த்து அவர் கைவிட்டார். நிலைமை சீரானபின் மீண்டும் தொடங்கி வெற்றியும் கண்டார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசைக் கணினி. அதில் அவருக்கும், தாயாருக்கும், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கைக்கும் தனித்தனிக் கணக்குகள். கட்டாரில் தொழில் புரியும் அவருடைய நண்பர் ஒருவர் தொலைவிலிருந்து நுழைந்து சில வேலைகளில் உதவுவதற்காக அவருக்கும் ஒரு கணக்கு. பயிற்சிக்காக நிறுவிய இணையச் சேவையகத்துக்கு இன்னுமொரு கணக்கு.

காட்சிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஐந்து பெயர்களையும் படித்துக் காட்டினார். அனுமதிப் பிரச்சினை இனித் தலைகாட்டக்கூடாது என்பதற்காக எல்லோரையும் ஒருசேரச் சேர்த்துவிட்டாராம்.

அந்தக் குழுவின் கைவசம் இருப்பது கிராபிக்ஸ் அட்டை மாத்திரமல்ல. சாதனக் கோப்புகளுக்கு உரிமை வழங்கும் வழமையான விதிகளில், கணினியுடன் இணைந்த கமராவும் அதே ‘வீடியோ’ குழுவுக்கே ஒப்படைக்கப்படுகிறது. எழுத்துத் திரையின் உள்ளடக்கத்தைத் தாங்கும் சாதனமும் அதே குழுவுக்குத்தான். பல பத்தாண்டுகளுக்கு முன் ஒரே பெயரில் போடப்பட்ட முடிச்சு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. ‘ஆடியோ’ குழுவும் இவ்வாறே. அதில் சேர்க்கப்படுகிறவர் பாட்டுக் கேட்கும் அனுமதியோடு ஒலிவாங்கியைத் திறக்கும் அனுமதியையும் பெறுகிறார்.

தங்கை அந்தக் கமராவின் முன்னால் அமர்ந்துதான் இணையவழி வகுப்புகளில் கலந்துகொள்கிறார். கட்டாரிலிருந்து நுழையும் நண்பரின் கணக்கு, நிர்வாகி அதிகாரம் எதுவும் இல்லாமலே, எந்த நேரத்திலும் அந்தக் கமராவைத் திறக்கக்கூடிய நிலையில் இருந்தது. நண்பர் நல்லவர். அப்படியொரு வாய்ப்பு தமக்கு இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் அவருடைய கடவுச்சொல் வேறொருவர் கையில் சிக்கினால் நிலைமை என்ன? இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் சேவையகத்தில் ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, அந்தக் கணக்கு அந்நியர் வசமானால் நிலைமை என்ன? இணையச் சேவையகத்துக்குக் கிராபிக்ஸ் அட்டையும் கமராவும் எதற்காக? இந்தக் கேள்விகளைக் கேட்டபோது அந்தப் பிள்ளை பதில் சொல்லவில்லை. உடனே அமர்ந்து இரண்டு பெயர்களையும் நீக்கினார்.

இங்குதான் குழு அனுமதியின் அடிப்படைக் குறைபாடு வெளிப்படுகிறது. அது ஆளைப் பார்க்கிறது, அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. கணினியின் முன் அமர்ந்திருப்பவரும், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து நுழைபவரும் அதற்கு ஒன்றே. எமது தொழிலில் ஊடகவியலாளர் அடையாள அட்டைக்கும், ஒரு குறிப்பிட்ட நிகழ்வுக்கு மாத்திரம் தரப்படும் நுழைவுச் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. அடையாள அட்டைக்காவது காலாவதித் திகதி உண்டு. குழு உறுப்புரிமைக்கு அதுவும் கிடையாது. ஒருவரை ஒருமுறை சேர்த்தால், யாராவது நினைவாக நீக்கும்வரை அவர் உறுப்பினரே.

நுழைவுச் சீட்டு முறை லினக்ஸிலும் வந்துவிட்டது. சிஸ்டம்டி தொகுதியின் ஓர் அங்கமான லாகின்டி, 2011 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. கணினியின் திரைக்கும் விசைப்பலகைக்கும் முன்னால் இப்போது அமர்ந்திருக்கும் பயனர் யார் என்பதை அது கண்காணிக்கிறது. அவருடைய பெயரை மாத்திரம் சாதனக் கோப்பின் அனுமதிப் பட்டியலில் எழுதுகிறது. வேறொருவர் அமர்ந்ததும் பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதுகிறது. தொலைவிலிருந்து நுழைபவருக்கு ஆசனம் இல்லை, ஆகவே அனுமதியும் இல்லை. சிஸ்டம்டியை விரும்பாதவர்களுக்காக அதே அங்கத்தைத் தனியே பிரித்தெடுத்த ஈலாகின்டி என்ற மென்பொருளும் இருக்கிறது. இதைச் சேர்த்துக் கட்டினால் சாதாரண வீட்டுக் கணினியில் எவரையும் காட்சிக் குழுவில் சேர்க்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.

இந்த முறையும் பூரணமானதல்ல. ஏற்கெனவே திறக்கப்பட்ட கோப்பை அனுமதிப் பட்டியலின் மாற்றம் மூடிவிடாது. ஆகவே ஒருவர் எழுந்து போகும்போது அவரது நிரல் கமராவைத் திறந்து வைத்திருந்தால், அது அப்படியே தொடரக்கூடும். அமர்வை முறையாக முடித்து வெளியேறும் பழக்கம் அதனால்தான் அவசியமாகிறது.

“என் கணினி, நான் ஒருவன்தான் பயன்படுத்துகிறேன், எனக்கு எதற்கு இந்தத் தலைவலி?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணினியில் நாம் மாத்திரம் வசிப்பதில்லை. நாம் இயக்கும் ஒவ்வொரு நிரலும் நமது பெயராலோ வேறொரு கணக்கின் பெயராலோ அங்கே நடமாடுகிறது. கிராபிக்ஸ் இயக்கியோ கருனியின் உள்ளே அமர்ந்திருக்கும் மிகச் சிக்கலான நிரல். அதில் ஒரு பிழை இருந்தால் அது கருனியின் பிழையே. இது வெறும் கற்பனையான பயமல்ல. உலகெங்கும் எண்ணற்ற கைத்தொலைபேசிகளில் இருக்கும் மாலி கிராபிக்ஸ் வன்பொருளின் இயக்கியில் ஒரு குறைபாடு இருப்பதையும், அது குறிவைத்த தாக்குதல்களில் பயன்படுத்தப்படுவதற்கான அறிகுறிகள் இருப்பதையும் ஆர்ம் நிறுவனமே 2023 ஒக்டோபரில் அறிவித்தது. குறிவைத்த தாக்குதல் என்ற சொல்லை எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. இயக்கியைத் தொடக்கூடிய கணக்குகள் எவ்வளவு குறைவோ, அவ்வளவு நல்லது.

மறுபுறத்தில், அனுமதியை இறுக்குவதே நோக்கமாகிவிடவும் கூடாது. வரைகலைச் செயலி இன்று படம் காட்டும் கருவி மாத்திரமல்ல. கணக்கீட்டுக்கும், செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கும் அது வேண்டப்படுகிறது. பல்கலைக்கழகக் கணினியொன்றில் மாணவர் இருபது பேர் தொலைவிலிருந்து நுழைந்து கணக்கீடு செய்ய வேண்டுமானால், ஆசனம் இல்லை என்று அவர்களைத் திருப்பியனுப்ப முடியுமா? இதற்காகவே கருனியை உருவாக்குகிறவர்கள் இரண்டாவது வாசலொன்றை அமைத்தார்கள். ரெண்டர் முனை என்று அதற்குப் பெயர். 2013இல் 3.12 பதிப்பில் பரீட்சார்த்தமாக வந்து, 2014இல் 3.17 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. அதன் வழியாக நுழைபவர் கணக்கீடு செய்யலாம், படத்தை உருவாக்கலாம். திரையின் அமைப்பை மாற்ற முடியாது. நான் மேலே சொன்ன, எண்ணை ஊகித்துப் பிறர் துண்டைப் பெறும் பழைய வழியும் அங்கே இல்லை. அந்த முனைக்கு ‘ரெண்டர்’ என்ற தனிக் குழு உண்டு. கமராவுக்கும் அந்தக் குழுவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கணக்கீட்டுக்காக மாத்திரம் வருபவரை இந்தக் குழுவில் சேர்ப்பதே முறை. தேவைக்கு ஏற்ற அளவில் அனுமதியைப் பிரித்துக் கொடுத்தால் தாராளமாகவும் இருக்கலாம், அவதானமாகவும் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

குழு முறையையே கையாள வேண்டியவர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள் மூன்று. பயனரைக் குழுவில் சேர்க்கும் கட்டளையில், ஏற்கெனவே உள்ள குழுக்களோடு கூட்டிச் சேர்ப்பதற்கான தெரிவையும் இட வேண்டும். அதை விட்டுவிட்டால் முன்னர் இருந்த துணைக் குழுக்கள் அனைத்திலிருந்தும் அவர் நீக்கப்பட்டுவிடுவார். நிர்வாகி அதிகாரம் தரும் குழுவும் அதில் அடங்கியிருந்தால் சங்கடம் பெரிது. இரண்டாவதாக, உறுப்புரிமை உள்நுழையும்போதே கணக்கிலெடுக்கப்படுவதால், சேர்த்த பின்னும் நீக்கிய பின்னும் வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். கட்டளை பலிக்கவில்லை என்று எண்ணி 666க்குத் தாவுகிறவர்களில் பலர் இந்தச் சிறு விடயத்தை அறியாதவர்களே. மூன்றாவதாக, குழுவின் பட்டியலைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உதவிக்கு வந்து போனவர்களின் பெயர்கள் அங்கே தங்கிவிட்டிருக்கும்.

நிறைவாக ஒரு கருத்து. மேற்சொன்ன இளைஞர் அறிவில் குறைந்தவர் அல்லர். ஒரு முழு இயங்குதளத்தையே கட்டி முடித்தவர். கட்டளையின் வடிவம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் பொருள் தெரிந்திருக்கவில்லை. ஆங்கில வழிகாட்டியிலிருந்த ஒரு வரியை அப்படியே தட்டச்சு செய்தார், திரை திறந்தது, வேலை முடிந்தது. எமது பிள்ளைகளில் பலர் கணினியைக் கற்பது இவ்வாறுதான். தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதுவோர் இல்லாமலில்லை. ‘கணியம்’ போன்ற முயற்சிகள் 2012 முதல் பெரும் பணி ஆற்றி வந்திருக்கின்றன. எனினும் நம்மிடையே எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பகுதி ‘இதைத் தட்டச்சு செய்க, அதைச் சொடுக்குக’ என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. இந்தக் கட்டளை யாருக்கு எதைத் திறந்துவிடுகிறது என்ற ஒரு வாக்கியத்தையும் அதனுடன் சேர்த்து எழுத வேண்டும் என்பது எனது தாழ்மையான வேண்டுகோள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இத்துறையில் தொழில் புரியும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு பக்கம் எழுதினாலும் போதும்.

அதுவரை, தொலைவிலிருந்து ஊரிலுள்ள உறவினரின் கணினியைப் பராமரித்துக் கொடுக்கும் அன்பர்கள் ஒன்று செய்யலாம். இன்று இரவே அதனுள் நுழைந்து, காட்சிக் குழுவின் பட்டியலைப் பாருங்கள். உங்களது சாதாரணக் கணக்கின் பெயர் அதில் இருந்தால், முதலில் அதையே நீக்குங்கள்.